மடக்கு நாற்காலி

அந்த வருஷம் பியெட்ராஸ் வீட்டில் ஈஸ்டருக்காக வெண்ணெயில் செய்த ஆட்டுக்குட்டிக்குத் தலை சனிக்கிழமையே போய்விட்டது. ஈஸ்டர் காலையில் ஆளாளுக்கு வால் பக்கமிருந்து சுரண்டிச் சுரண்டித் தின்று, தலையை மட்டும் கடைசிவரை விட்டுவைப்பதுதான் பஃபலோவை ஒட்டிய எங்கள் சீக்டவாகா ஊர் வழக்கம். லென் பியெட்ராஸ் மேசையைக் குத்திய குத்தில் தட்டு எகிறியது. குட்டி கவிழ்ந்தது. மிளகுக் கண்ணோடு தலை மட்டும் உருண்டு ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

குத்தியது மேசையை. கோபம் மகள் மேல்.

எதிர்வீடு என்னுடையது. பெயர் ஜோனி. பஃபலோ ஏர்போர்ட்டில் லேக்லாண்ட் விமானக் கம்பெனி கேட்டில் நின்று பயணிகளை ஏற்றி அனுப்புகிற வேலை. லேக்லாண்ட் என்று இன்னும் வாயில் வந்துவிடுகிறது. அரிசோனாக்காரர்களின் காப்பர்ஸ்டேட் எங்களை வாங்கி, விமான வாலில் இருந்த நீல ஏரியை அழித்து, செம்பு நிறத்தில் ஒரு சூரியனை அடித்தாயிற்று. ஏப்ரலிலும் பனி கொட்டுகிற ஊருக்குச் சூரியன்!

எங்களுக்குச் சட்டை மாறியதோடு போயிற்று. விமானிகளுக்கு வாழ்க்கையே மாறியது.

விமானிக்கு எல்லாமே ஒரு எண்தான். சேர்ந்த நாளை வைத்து வருகிற வரிசை எண். எந்த ஊரில் வேலை, கேப்டனின் இடது நாற்காலியா துணை விமானியின் வலது நாற்காலியா, கிறிஸ்துமஸுக்கு வீட்டிலா ஓட்டலிலா, எல்லாவற்றையும் அது தீர்மானிக்கும். மேலே இருப்பவன் ஓய்வு பெறணும், இல்லை சாகணும். அப்போதுதான் கீழே இருப்பவன் ஒரு படி ஏறுவான். இப்போது இரண்டு கம்பெனி, இரண்டு வரிசை. எப்படி ஒன்றாக்குவது? நடுவர் ஒருவரை உட்கார வைத்தார்கள். ‘லேக்லாண்ட் மூழ்கிக்கொண்டிருந்த கப்பல், காப்பர்ஸ்டேட் வாங்கியிராவிட்டால் அவர்களுக்கு நாற்காலியே கிடையாது’ என்று அவர் தீர்ப்பெழுதி, எங்கள் ஆட்களைக் கொத்துக் கொத்தாகக் கீழே தள்ளிவிட்டார்.

லென்னுக்கு ஐம்பத்தாறு வயது. புரொப்பெல்லர் காலத்திலிருந்து லேக்லாண்ட் கேப்டன். அவருடைய ஒரே மகள் ரெனியும் விமானி. அவள் உரிமம் வாங்கிய வருஷம் லேக்லாண்டில் ஆளெடுக்கவில்லை. பிழைப்புக்காக அரிசோனா போய் காப்பர்ஸ்டேட்டில் சேர்ந்தாள். அங்கே மளமளவென்று கேப்டனும் ஆகிவிட்டாள்.

புது வரிசையில் அப்பாவுக்கு மேலே மகள்.

அதோடு நிற்கவில்லை. பஃபலோவில் கேப்டன் நாற்காலிகளை ஒரு கைப்பிடிக்குக் குறைத்துவிட்டது கம்பெனி. விருப்பம் கேட்டார்கள். வரிசைப்படி கொடுத்தார்கள். கடைசி நாற்காலி ரெனிக்குப் போனது. மற்ற லேக்லாண்ட் ஆட்களைப் போலவே லென்னுக்கும் ஃபீனிக்ஸ், அதுவும் வலது நாற்காலி. ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை காலை ஃபீனிக்ஸில் பயிற்சி வகுப்பு. வராதவர் ராஜினாமா செய்ததாகக் கருதப்படுவார் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

ராஜினாமா என்றால் லென் வீட்டில் சம்பளம் மட்டும் போகாது. ஐரீனும் போய்விடுவாள்.

ஐரீன் அவர் மனைவி. குடலில் ரத்தம் கட்டி, பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள். வாய் வழியாகத் தின்பது உடம்பில் ஒட்டாது. நெஞ்சில் ஒரு மெல்லிய குழாய் எப்போதும் தொங்கும். தினமும் சாயங்காலம் பால் நிறத்தில் ஒரு பையைக் கம்பியில் மாட்டி, பம்ப் வைத்து, அந்தக் குழாய் வழியாக நேரே ரத்தத்தில் சாப்பாடு இறக்கணும். ஒரு விரல் படக்கூடாத இடத்தில் பட்டால் போதும், விஷம் ரத்தத்தில் ஏறிவிடும். இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவையும் பாதிரியாரைக் கூப்பிட்டோம். பைக்கும் பம்புக்கும் லென்னின் வேலையோடு வந்த இன்ஷூரன்ஸ்தான் கொடுக்கிறது. கைக்காசில் வாங்குவதென்றால் எங்கள் தெருவையே விற்றாலும் கட்டாது.

லென் அதை விமானம் கிளப்புகிற மாதிரியே செய்வார். லேக்லாண்ட் முறை அது: ஒருவர் கேட்கணும், மற்றவர் செய்துவிட்டுப் பதில் சொல்லணும். ஐரீனின் விரல்கள் மரத்துப்போனவை. அதனால் கேட்பது அவள், செய்வது லென்.

“கை?”

“கழுவியாச்சு.”

“மூடி?”

“துடைச்சாச்சு.”

“காத்து?”

“ஒரு குமிழிகூட இல்ல.”

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி உண்டு. அதை லென்தான் கேட்பார். “சண்டை?” ஐரீன் “முடிஞ்சுது” என்று சொன்னால்தான் கை கழுவவே போவார். கோபத்தோடு தொட்டால் கை நடுங்கும் என்பது அவர் சட்டம். ரெனி சிறுமியாக இருந்தபோது கார் சாவியைத் திருகுவதற்கு முன்னாலும் இதையே கேட்பார். அம்மாவும் பெண்ணும் “முடிஞ்சுது” என்று சொல்லும்வரை வண்டி வாசலிலேயே நிற்கும். மாதா கோயிலுக்கு அவர்கள் எத்தனை தடவை நேரம் கழித்து வந்தார்கள் என்று தெருவே சொல்லும்.

பெரிய வெள்ளி அன்று தீயணைப்பு நிலையக் கூடத்தில் மீன் வறுவல் விருந்து. மாவில் தோய்த்த மீன், கோஸ் கூட்டு, உருளைக்கிழங்கு சாலட். வெளியே ஈரப்பனி சப்பு சப்பென்று விழுந்தது. நான் தட்டு தூக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மூலை முழுக்க லேக்லாண்ட் விமானிகள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் சிவப்புப் பட்டை. பழைய யூனியன் நடுவர் தீர்ப்பை ஒத்துக்கொண்டது என்று கோபித்து வெளியேறி, இவர்கள் தனி யூனியன் கட்டியிருந்தார்கள். கோர்ட்டுக்கும் போனார்கள். தடை கிடைக்கவில்லை. சுவரில் ஒரு பெரிய தாள்: ‘பஃபலோவைத் திருடியவர்கள்’. படங்களோடு. கடைசியில் ரெனி, காப்பர்ஸ்டேட் ஆட்களின் பச்சைப் பட்டையோடு சிரித்துக்கொண்டு.

அந்தப் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து லென் மீன் தின்றுகொண்டிருந்தார்.

மெர்வ் ஹாகர்ட்டி பெஞ்சின் மேல் ஏறினார். புது யூனியனின் தலைவர். பீப்பாய் உடம்பு, பீரங்கிக் குரல்.

“செவ்வாய்க்கிழமை ஃபீனிக்ஸ் வகுப்புல நம்மாளு ஒருத்தன்கூட இருக்கக் கூடாது! கேட்டுச்சா? ராஜினாமான்னு எடுத்துக்குவானாம். எடுத்துக்கட்டுமே! எல்லாரையும் ஒரே நாள்ல தூக்கிட்டு எவனை வச்சு ஓட்டுவான்? கள்ளிச்செடியை வச்சா?”

சிரிப்பு.

“கையைத் தூக்குங்கடா. மீன் இருக்கற கையைக் கீழ வையி, காலிக் கையைத் தூக்கு. ரெண்டு கையிலயும் மீன் வச்சிருக்கறவன், யோவ் ஸ்டான், உன்னைத்தான், ஒண்ணை முழுங்கிட்டுத் தூக்கு!”

கைகள் எழுந்தன. முதலில் எழுந்தது லென்னின் கை. மெர்வ் இறங்கி வந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டார்.

“உன் நிலைமை எனக்குத் தெரியும் லென். வீட்ல அப்படி ஒரு கஷ்டத்தை வச்சுக்கிட்டு நீ தூக்கினே பாரு... உனக்காகவாவது ஒருத்தனும் அசைய மாட்டான்.”

லென் தலையாட்டினார். தட்டில் பாதி மீன் அப்படியே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஈஸ்டர் சாப்பாட்டுக் கூடையை மந்திரித்து வாங்கிக்கொண்டு கோயிலிலிருந்து நேராக ஐரீன் சமையலறைக்குப் போனேன். கீல்பாசா தொத்திறைச்சி, முட்டை, கம்பு ரொட்டி, கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய வெண்ணெய்க் குட்டி. ஐரீன் பீட்ரூட்டோடு குதிரைமுள்ளங்கி அரைத்து, கண்ணில் நீர் வழிய, துளி எடுத்து நாக்கில் வைத்துச் சப்பிவிட்டு சிங்க்கில் துப்பினாள். அவ்வளவுதான் அவளுக்கு ஈஸ்டர்.

“காரம் போதுமாடி ஜோனி? எனக்கு நாக்கு மட்டும்தான் பாக்கி. அதையும் பிடுங்கிடாதேன்னு ஆண்டவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.”

கொல்லைக் கதவு திறந்து ரெனி வந்தாள். சீருடை. தோளில் பனி. கழுத்தில் பச்சைப் பட்டை. மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த லென் பேப்பரை இன்னும் உயர்த்திக்கொண்டார்.

“அம்மா, இன்னிக்கு நான் மாட்டிப் பாக்கறேன். செவ்வாய்லேர்ந்து நான்தானே?”

“யார் சொன்னா?” பேப்பருக்குள்ளிருந்து குரல்.

“அப்பா, நீ ஃபீனிக்ஸ் போயிட்டா...”

“நான் எங்கயும் போகல.”

ரெனி கை கழுவப் போனாள். முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். பையை எடுத்தாள், குழாயை நிரப்பினாள், குமிழியைத் தட்டினாள், மூடியைத் துடைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கைகள் மட்டும் வரிசையாகப் போயின. காப்பர்ஸ்டேட் முறை அதுதான்: முதலில் கை எல்லாவற்றையும் முடித்துவிடும், அப்புறம் ஒருவர் படிக்க இன்னொருவர் சரி பார்ப்பார்கள்.

பேப்பர் கீழே விழுந்தது.

“நிறுத்து! யாரும் கேக்காம நீ பாட்டுக்கு என்ன செய்யறே?”

“செஞ்சுட்டு அப்புறம் படிச்சுச் சரி பாப்போம்ப்பா. எங்க வழக்கம் அப்படி. இப்ப உங்களுக்கும் அதுதான். செவ்வாய்க்கிழமை அதைத்தான் சொல்லித் தரப் போறாங்க.”

“விட்டதை அப்புறம் படிச்சு என்ன புண்ணியம்? உங்கம்மா உடம்பு அது. உன் அரிசோனா டப்பா இல்ல!”

“எதை விட்டேன்? சொல்லு. ஒண்ணு சொல்லு!”

லென் பார்த்தார். எதையும் விட்டிருக்கவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

“என் நாற்காலிய எடுத்தே. இப்ப என் பொண்டாட்டியையும் எடுத்துக்க வந்திருக்கே.”

“நாற்காலிய நான் எதுக்குக் கேட்டேன்? இந்த ஊருக்கு வரத்தான் கேட்டேன். உனக்கு எப்படியும் கிடைக்காதுன்னு தெரிஞ்சப்புறம் கேட்டேன்!”

“வேண்டாம்னு எழுதிக் குடேன்.”

“எழுதிக் குடுத்தா உனக்கு வந்துடுமா? நான் எழுந்தா நீ உக்கார முடியாதுப்பா. நமக்கு நடுவுல ஊர்ப்பட்ட பேர் நிக்கறாங்க. எவனோ ஒரு முகம் தெரியாதவன் வந்து உக்காருவான். அப்ப அம்மாவுக்கு யாரு?”

“நடுவுல நிக்கறாங்களாம்! நான் பனிப்புயல்ல எருமை மாதிரி இழுத்து ஓட்டினப்ப உன் நடுவருங்க எங்க இருந்தாங்க? உனக்கு டயப்பர் மாத்தினேனே, அந்த சீனியாரிட்டிய எவன் கணக்குல எடுத்தான்?”

“உங்க கம்பெனி செத்துக்கிட்டு இருந்துச்சுப்பா! நாங்க வாங்கலேன்னா...”

“நாங்களா? யாருடி நாங்க?”

அப்போது ஐரீன் கேட்டாள், மெதுவாக. “லென்னி, நான் எங்கயும் போகலேன்னு சொன்னியே, அது என்ன?”

நான் கூடையைப் பார்த்தேன். லென் ஜன்னலைப் பார்த்தார்.

“ஹால்ல முடிவு பண்ணியிருக்கோம். யாரும் போறதில்ல. கை தூக்கியாச்சு.”

“நீயுமா தூக்கினே?”

“முதல்ல தூக்கினேன்.”

“கையைத் தூக்கினப்ப என் நெஞ்சுல குழாய் தொங்கறது ஞாபகம் வரலியா உனக்கு?”

“எல்லாரும் சேர்ந்து நின்னா அவனால ஒண்ணும் பண்ண முடியாது ஐரீன்! ஒருத்தன் அசைஞ்சாத்தான்...”

“பண்ணிட்டா?”

அதற்குத்தான் குத்து. அப்போதுதான் தலை போனது.

கம்பியில் பை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ரெனி தரையில் குப்புறப் படுத்து, கரண்டியால் ஃப்ரிட்ஜுக்கு அடியிலிருந்து வெண்ணெய்த் தலையை இழுத்தாள். தூசி ஒட்டியிருந்தது.

ஐரீன் சட்டைப் பித்தானை மூடிக்கொண்டாள்.

“உன் சட்டம்தானே லென்னி? சண்டை முடியாம என்னைத் தொடக் கூடாது. ரெண்டு பேர்ல யாருக்கு முடிஞ்சுது, சொல்லுங்க.”

லென் விழுந்த பேப்பரை எடுத்து மடித்தார். ரெனி வெண்ணெய்த் தலையிலிருந்த தூசியைச் சுரண்டினாள். ஒரே அச்சு இரண்டும். ஒரே தாடை, ஒரே வீம்பு.

அன்றைக்குக் குழாய் மாட்டியது நான். பொதுக் கழிவறையில் கழுவுவதுபோல ஒரு கழுவு கழுவிவிட்டு வந்தேன் என்று ஐரீன் திருப்பி அனுப்பினாள். மறுபடி கழுவினேன். கேள்விகளை அவளே கேட்டாள், நான் ஒவ்வொன்றாகச் செய்தேன். முதல் கேள்வியை நான்தான் கேட்கணுமாம்.

“சண்டை?”

“எனக்கு யாரோடயும் இல்லடி. போடு.”

ஞாயிறு காலை பந்தியில் குட்டிக்குத் தலை இருந்தது. பல்குத்தும் குச்சி ஒன்றைச் செருகி ரெனி ஒட்டி வைத்திருந்தாள், கொஞ்சம் கோணலாக. அது லென்னைப் பார்த்து முறைப்பது மாதிரியே இருந்தது. யாரும் அதைச் சுரண்டவில்லை.

ஐரீன் தட்டில்லாத இடத்தில் உட்கார்ந்து, காபிக் கோப்பையில் பனிக்கட்டி வைத்துச் சப்பிக்கொண்டு, சம்பந்தமில்லாமல் ஆரம்பித்தாள்.

“எங்கப்பா லாக்கவானா உருக்காலையில மூத்த ஆளு. ரெண்டு பிரிவை ஒண்ணாக்கி, அவரைத் துடைப்பம் புடிக்கிற வரிசைக்கு அனுப்பினாங்க. போக மாட்டேன்னு வந்து சோபாவுல உக்காந்தாரு. நியாயம் அவர் பக்கம்தான். தெருவே சொல்லிச்சு, நியாயம் உன் பக்கம்தான்னு. எழுந்திருக்கவே இல்ல மனுஷன். சோபாவோட சேத்துத்தான் தூக்க வேண்டியிருந்துச்சு.” பனிக்கட்டியைக் கடித்தாள். “ஒரு வரிசைக்காரன் வீட்ல பொறந்து இன்னொரு வரிசைக்காரனைக் கட்டிக்கிட்டேன். என் தலையெழுத்து.”

“நான் கை தூக்கிட்டேன் ஐரீன்.”

“கீழ எறக்கு. கைதானே?”

“நாப்பது பேர் என்னைப் பாத்துத் தூக்கினாங்க.”

“நாப்பது பேரும் சாயங்காலம் வந்து எனக்குக் குழாய் மாட்டுவாங்களா? மெர்வ் வருவானா? அவன் விரலைப் பாத்திருக்கியா? கீல்பாசா மாதிரி இருக்கும்.”

ரெனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லென் எழுந்து வாசலுக்குப் போய், யாரும் கேட்காமலே பனியை வாரிக்கொட்டினார். பனி நின்ற பிறகும் வாரிக்கொண்டிருந்தார்.

திங்கள் எங்கள் ஊரில் டிங்கஸ் நாள். நோன்பு முடிந்த கொண்டாட்டம். சிவப்பும் வெள்ளையுமாகச் சட்டை போட்டுக்கொண்டு, ஆண்கள் பெண்கள்மேல் தண்ணீர் பீய்ச்சுவதும், பெண்கள் பஞ்சு மொட்டு வைத்த வில்லோக் குச்சியால் ஆண்களின் காலில் விளாசுவதும், தெருவெல்லாம் போல்கா வாத்தியமும். எங்கெங்கிருந்தோ அதற்கென்றே வருவார்கள். வந்த கூட்டமெல்லாம் அன்று பின்மத்தியானம் என் கேட்டில் நின்றது. ஃபீனிக்ஸ் விமானம் பிதுங்கி வழிந்தது. டிக்கெட் வைத்திருந்தவர்களிலேயே நாலு பேரைக் கெஞ்சி மறுநாளைக்குத் தள்ளியிருந்தேன். அன்று ஃபீனிக்ஸுக்கு அதை விட்டால் வேறில்லை.

கேப்டன்: ரெனி பியெட்ராஸ்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு லென் வந்தார். சீருடை, தொப்பி, பெட்டி. கழுத்தில் சிவப்புப் பட்டை இல்லை. அது இருந்த இடத்தில் காலரில் ஒரு மடிப்பு மட்டும்.

“ஜோனி, மூணாவது?”

“காலி.”

விமானி அறையில் இரண்டு நாற்காலிக்குப் பின்னால், கதவை ஒட்டி ஒரு மடக்கு நாற்காலி உண்டு. வேலைக்குப் போகிற விமானிகள் இலவசமாக அதில் தொற்றிக்கொள்ளலாம். இரண்டு பேர் வந்தால் வரிசையில் மேலே இருப்பவருக்கு. யாராக இருந்தாலும், நேரே போய்த் தொப்பியைக் கழற்றி, கேப்டனிடம் வாயால் கேட்கணும். கேட்காமல் உட்கார்ந்தவன் கிடையாது. அறை கேப்டனுடையது.

லென் பெயரை எழுதினேன். அவர் விமானத்துக்குப் போகும் குழாய்ப் பாதையைப் பார்த்தார். நகரவில்லை.

“போ லென். கேளு.”

“எல்லாரும் ஏறட்டும்.”

எல்லாரும் ஏறினார்கள். அப்போதும் நின்றார். நான் மைக்கில் கடைசி அழைப்பைச் சொல்லி முடிக்கும்போது தடதடவென்று காலடிச் சத்தம்.

மெர்வ் ஹாகர்ட்டி.

சீருடைதான். ஆனால் சட்டை முன்பக்கம் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, யாரோ பீய்ச்சியிருக்கிறார்கள். பைக்குள் ஒரு வில்லோக் குச்சி செருகியபடியே. ஊர்வலத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஆடிவிட்டு, அப்படியே நழுவி வந்திருக்கிறார். சிவப்புப் பட்டை அவர் கழுத்திலும் இல்லை.

“ஜோனி, ஃபீனிக்ஸ், மூணாவது...” அப்போதுதான் லென்னைப் பார்த்தார்.

இரண்டு பேரும் ஒருவர் கழுத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“டேய் லென்...”

“என்னைப் பாத்து நாப்பது பேர் தூக்கினாங்க மெர்வ்.”

“எனக்குத் தெரியும்டா.”

“எனக்காகவாவது ஒருத்தனும் அசைய மாட்டான்னு சொன்னே.”

மெர்வின் பீரங்கிக் குரல் எங்கே போனதோ. “ரிட்டயராக மூணு வருஷம் இருக்குடா. இப்ப ராஜினாமான்னா பென்ஷன்ல பாதிகூடத் தேறாது. எம் பொண்டாட்டி மேரிபெத்கிட்ட போகலேன்னு சொன்னேன். துணியை மூட்டை கட்டி வாசல்ல வச்சுட்டா. நான் என்ன பண்ண?”

கம்ப்யூட்டரில் மெர்வின் எண்ணை அடித்தேன். அது யாரையும் கேட்காது. திரையில் மெர்வ் மேலே போனார். லென் கீழே இறங்கினார்.

லென் திரையைப் பார்க்கவே இல்லை. அவருக்குத் தெரியும். “அவன் எனக்கு மேல. அவனுக்குத்தான் ஜோனி.” பெட்டியின் கைப்பிடியை இழுத்துத் திரும்பினார்.

வீட்டில் ஐரீன், கம்பி, பை. இன்று சாயங்காலமும் நான்தான் மாட்டணும். அடுத்த மாதமும் மாட்ட அங்கே பை இருக்குமா?

“முடிவு சொல்றது நானும் இல்ல, நீயும் இல்ல,” என்றேன். “கேப்டன். ரெண்டு பேரும் வாங்க.”

குழாய்ப் பாதைக்குள் ஏரிக்காற்று ஊளையிட்டது. முன்னால் மெர்வ், பின்னால் லென், கடைசியில் நான். விமானி அறை திறந்திருந்தது. இடது நாற்காலியில் ரெனி, திரும்பிப் பார்த்தாள். வலது நாற்காலிப் பையன் எங்கள் இரண்டு கிழவர்களையும் பார்த்துவிட்டுச் சட்டென்று ஏதோ குமிழைத் திருகுவதில் மூழ்கிவிட்டான்.

மெர்வ் தொப்பியைக் கழற்றினார். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

“கேப்டன், ஃபீனிக்ஸ்வரை கூட வரலாமா?”

ரெனி அவரைப் பார்த்தாள். பையிலிருந்த குச்சியைப் பார்த்தாள். அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

“பின்னாடி நிக்கறவர் ஒண்ணும் கேக்கலியே?”

“வரிசைப்படி அவன்தான்,” என்றார் லென், தரையைப் பார்த்து.

“வரிசை எனக்கும் தெரியும். நீங்க கேக்கறீங்களா இல்லியா?”

விமானத்துக்குள் யாரோ ஒரு குழந்தை அழுதது. லென் தொப்பியைக் கழற்றினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல நெஞ்சோடு வைத்துக்கொண்டார், சரியாக ஐரீனுக்குக் குழாய் இருக்கிற இடத்தில்.

“கேப்டன்...” பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்றே கூப்பிட்ட மகளிடம் சொன்னார்: “உங்க விமானத்துல எனக்கு ஒரு இடம் தருவீங்களா?”

ரெனியின் தாடை இறுகியது. அதே தாடை.

“ஹாகர்ட்டி சார், மன்னிக்கணும். இடமில்ல.”

“அது என் இடம்!” இப்போதுதான் பீரங்கி திரும்பியது. “வரிசைல நான் மேல! வரிசைய வச்சுத்தானே எங்க ஊரையே எடுத்துக்கிட்டீங்க? இப்ப உங்கப்பன்னா வரிசை கிடையாதா?”

“அறை என்னுது.”

“எழுதிக் குடுப்பேன். ரெண்டு யூனியன்லயும் குடுப்பேன். இனிமே எவனும் உனக்கு ஒரு சீட்டு தர மாட்டான். எவனும் உன்கூட உக்காந்து காபி குடிக்க மாட்டான், தெரியுமா?”

“எழுதுங்க. என் படம்கூட ஹால்ல இருக்கு. அதையும் சேத்து அனுப்புங்க.”

அவள் குரல் நடுங்கவில்லை. கை நடுங்கியது. பார்த்தேன்.

மெர்வ் அவளை விட்டுவிட்டு லென் பக்கம் திரும்பினார். முகத்தில் தண்ணீரா வியர்வையா தெரியவில்லை. குரல் மறுபடி இறங்கிவிட்டது.

“லென். அவ சின்னவ, அவளுக்குத் தெரியாது. நீ சொல்லுடா. நம்ம ரெண்டு பேரும் இத்தனை வருஷம் எதுக்குக் கத்தினோம்? இதுக்குத்தானே? நீ சொன்னா அவ கேப்பா. அது என் நாற்காலின்னு ஒரு வார்த்தை சொல்லு.”

லென் பெட்டியின் கைப்பிடியை மடக்கினார். மெர்வைச் சுற்றிக்கொண்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, அறைக்குள் நுழைந்தார். சுவரோடு மடங்கியிருந்த நாற்காலியை இழுத்தார். அது தடாலென்று விழுந்தது. உட்கார்ந்தார். தோள்பட்டை வாரை இழுத்து மாட்டினார். முதல் தடவை மாட்டவில்லை. இரண்டாம் தடவை மாட்டியது. முழங்கால் இரண்டும் மகளின் நாற்காலி முதுகில் முட்டிக்கொண்டு நின்றன.

மெர்வ் நகரவில்லை. வழியனுப்ப வந்தவர் மாதிரி, குச்சியும் தொப்பியுமாக நின்றார். செவ்வாய்க்கிழமை காலை ஃபீனிக்ஸில் அவர் பெயரைக் கூப்பிடுவார்கள்.

ரெனி முன்னால் திரும்பினாள். கை மேலே விசைகளுக்குப் போனது. பாதியில் நின்றது. திரும்பாமலே கேட்டாள்.

“சண்டை?”

லென் கதவு வழியாக மெர்வைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். தொப்பி மடியில் கசங்கியது.

“இன்னும் முடியல,” என்றார். “கதவைச் சாத்தச் சொல்லு.”

சாத்தினேன். மெர்வ் கதவுக்கு இந்தப் பக்கம், என்னோடு இருந்தார்.